மூடுல் ஃபோர்க் இரண்டு வருடம் பின்தங்கிவிட்டது: அப்ஸ்ட்ரீம் திருத்தங்களை எப்படிக் கொண்டுவருவது?

கல்லூரிசர்வர் · செவ்வாய், இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) மூடுல் என்ற, பாடமும் தேர்வும் நடத்தும் இணைய மென்பொருள் ஓடுகிறது. நேரடி மூடுல் இல்லை, ஃபோர்க், அதாவது பிரித்தெடுத்து மாற்றிய நகல். எனக்கு முன்னால் இருந்தவர் 2023-ல் 4.1.2-ஐ எடுத்துக்கொண்டு, தேர்வுப் பிரிவு கேட்டதையெல்லாம் கோர் (மூடுலின் மைய) கோப்புகளுக்குள்ளேயே புகுந்து எழுதிவைத்துவிட்டார். பதிவெண், உள்மதிப்பீட்டுக் கணக்கு, ஹால் டிக்கெட், இன்னும் என்னென்னவோ. அவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்பும் சரி பின்பும் சரி, அப்ஸ்ட்ரீமில் (மூல மூடுல் திட்டத்தில்) இருந்து எதுவும் முறையாக உள்ளே வரவில்லை. மூன்று நான்கு திருத்தங்களைக் கையால் காப்பி செய்து ஒட்டி, கமிட் (மாற்றப் பதிவு) போட்டிருக்கிறார் போல. கமிட் செய்திகள் "ஃபிக்ஸ்", "ஃபிக்ஸ் 2", "ஃபைனல் ஃபிக்ஸ்", அப்புறம் மறுபடி "ஃபிக்ஸ்".

போன மாதம் உள்தேர்வில் ஒரு சிக்கல். வினாடி வினாவில் நேரம் முடிந்தும் சிலருடைய விடைத்தாள் சமர்ப்பிக்கப்படாமல் "நடந்துகொண்டிருக்கிறது" என்றே நின்றுவிட்டது. 61 மாணவர்கள். துறைத்தலைவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்ஸ்ட்ரீமில் தேடினால் அந்தப் பகுதியைத் தொட்ட கமிட்கள் மூன்று தெரிகின்றன.

சரி, இரண்டையும் இணைத்து மெர்ஜ் செய்துவிடலாம் என்று மூடுலின் 401 ஸ்டேபிள் கிளையை (4.1-க்கான திருத்தங்கள் சேரும் கிளை) ஃபெட்ச் செய்து, கிட்டில் (நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) மெர்ஜ் கொடுத்தேன். தொடர்பில்லாத வரலாறுகளை இணைக்க மாட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இணையத்தில் பார்த்து "அலவ் அன்ரிலேட்டட் ஹிஸ்டரீஸ்" கொடுத்தேன். கை வைத்த கோப்பு, வைக்காத கோப்பு என்ற பேதமில்லாமல் கான்ஃபிளிக்ட் (எந்த வரியை வைப்பது என்று கிட்டால் முடிவு செய்ய முடியாத மோதல்) கொட்டியது. பயந்துபோய் அபார்ட் செய்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அந்த மூன்று கமிட்களை மட்டும் செர்ரி-பிக் செய்தால் (தனியாகப் பொறுக்கி எடுத்தால்) போதுமா? இல்லை, எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டுமா? இரண்டாவது என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழையகமிட் · செவ்வாய், இரவு 11:52

தம்பி, முதலில் அந்த "அலவ் அன்ரிலேட்டட்" பக்கம் இனிமேல் போகாதீர்கள்.

என்ன நடந்திருக்கும் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். உங்களுக்கு முன்னால் இருந்தவர் மூடுல் ரெப்போவை (வரலாற்றோடு இருக்கும் நிரல் கிடங்கை) குளோன் செய்யவில்லை. தளத்தில் இருந்து ஜிப்பை இறக்கி, விரித்து, அந்த ஃபோல்டரில் கிட் இனிட் (புதுக் கிடங்கு தொடங்கும் கட்டளை) போட்டு, எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகப் போட்டிருக்கிறார். ஆகவே உங்கள் ரெப்போவுக்கும் அப்ஸ்ட்ரீமுக்கும் பொது மூதாதை என்று ஒரு கமிட் கிடையாது. மெர்ஜ் என்பது மூன்று பேர் உட்கார்ந்து பேசுகிற பஞ்சாயத்து. உங்கள் கோப்பு, அவர்கள் கோப்பு, இரண்டும் பிரிவதற்கு முன் இருந்த கோப்பு. அந்த மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் இந்த வரியை மாற்றியது நீங்களா அவர்களா என்று கிட்டுக்குத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் உங்கள் தலையில் போடுகிறது.

எனவே முதல் வேலை அந்த மூதாதையைக் கண்டுபிடிப்பது. உங்கள் முதல் கமிட்டில் இருக்கும் வெர்ஷன்.பிஎச்பியைத் திறந்து ரிலீஸ் என்ற வரியைப் பாருங்கள். வெறும் 4.1.2 என்று இருந்தால் அதே பெயரில் டேக் (வெளியீட்டைக் குறிக்கும் அடையாளம்) இருக்கிறது, வேலை சுலபம். 4.1.2+ என்று ஒரு கூட்டல் குறி ஒட்டியிருந்தால் அது வாராந்திர பில்ட், அடைப்புக்குறிக்குள் பில்ட் தேதியும் இருக்கும். அந்தத் தேதியை வைத்து ஸ்டேபிள் கிளையில் வெர்ஷன்.பிஎச்பிக்கு மட்டும் கிட் லாக், கூடவே பெரிய எஸ் ஆப்ஷன். அந்த எழுத்துச்சரம் எந்தக் கமிட்டில் உள்ளே வந்தது என்று காட்டிவிடும்.

கிடைத்ததும் அந்தக் கமிட்டுக்கும் உங்கள் முதல் கமிட்டுக்கும் ஒரு டிஃப் (வித்தியாசப் பட்டியல்) போடுங்கள். கிட்டத்தட்ட காலியாக வர வேண்டும். வந்தால் கிட் ரீப்ளேஸ், கிராஃப்ட் ஆப்ஷனோடு. "என் முதல் கமிட்டுக்குப் பெற்றோர் இவர்தான்" என்று சொல்லிவிடலாம். ஆனால் அது உங்கள் கணினியில் மட்டும் ஒட்டுகிற சீட்டு. நிரந்தரமாக வேண்டும் என்றால் ரீபேஸ் ஆன்டோ போட்டு உங்கள் கமிட்களை அப்படியே அந்த மூதாதையின் மேல் நட்டுவிடுங்கள். அடியில் இருக்கும் கோப்புகள் ஒன்றேதான் என்பதால் கான்ஃபிளிக்ட் வராது. குழுவில் வேறு யாராவது அந்த ரெப்போவில் வேலை செய்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கமிட் ஹேஷ் (அடையாள எண்) எல்லாம் மாறும்.

டீக்கடை · புதன், காலை 7:05

> கமிட் செய்திகள் "ஃபிக்ஸ்", "ஃபிக்ஸ் 2", "ஃபைனல் ஃபிக்ஸ்", அப்புறம் மறுபடி "ஃபிக்ஸ்".

எங்கள் ஆபீஸ் ரெப்போவை எப்போது பார்த்தீர்கள்?

குமுதா_கர்னல் · புதன், காலை 9:30

செர்ரி-பிக்கா, எல்லாமா என்ற கேள்விக்கு என் ஓட்டு எல்லாம்தான். காரணத்தையும் சொல்கிறேன்.

நான் பத்து வருடமாக வண்டிகளுக்குள் வைக்கும் பலகைகளுக்கு லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கட்டிக்கொடுக்கிறேன். சிப் விற்பவர் ஒரு ஃபோர்க் கொடுப்பார், அதன் மேல் நாங்கள் ஒரு ஃபோர்க், அதன் மேல் வாடிக்கையாளர் ஒரு ஃபோர்க். தேவையான திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு படியிலும் எல்லோரும் சொல்வார்கள். தேவையானது எது என்று யாருக்குத் தெரியும்?

ஆண்ட்ராய்டில் நடந்த கதை ஒன்று போதும். செயலிகள் ஒன்றோடொன்று பேச உதவும் பைண்டர் டிரைவரில் ஒரு வழு. விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுகிற ரகம். 2017 நவம்பரில் கூகுளின் தானியங்கிச் சோதனையிலேயே சிக்கியது. 2018 பிப்ரவரியில் திருத்தமும் வந்து, லினக்ஸ் 4.14-க்கும் ஆண்ட்ராய்டின் பொதுக் கர்னல் கிளைகள் சிலவற்றுக்கும் போய்விட்டது. ஆனால் சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாளம்) போடவில்லை, "இது பாதுகாப்புப் பிரச்சினை" என்று யாரும் சீட்டு ஒட்டவில்லை. சாதாரணத் திருத்தம் போல இருந்ததால் பல போன்களின் கர்னலுக்கு அது போய்ச்சேரவே இல்லை. பிக்சல் 2 உள்பட. 2019 அக்டோபரில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோ அதை வெளியே சொன்னபோது யாரோ ஏற்கெனவே ஆயுதமாகவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சிவிஇ-2019-2215. திருத்தம் வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கடையில் காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்கினால் இப்படி ஆகும். கர்னலின் ஸ்டேபிள் கிளையைப் பராமரிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் வருடக்கணக்காகச் சொல்வதும் இதுதான், ஸ்டேபிள் வெளியீட்டை முழுதாக எடுங்கள் என்று. உங்கள் 4.1 நீண்டகால ஆதரவுப் பதிப்புதானே? அப்படியென்றால் அந்தக் கிளையில் புது வசதி பெரிதாக எதுவும் வந்திருக்காது, திருத்தம்தான் இருக்கும். பிறகு எதற்குப் பொறுக்க வேண்டும்?

மொட்டைமாடி · புதன், காலை 10:48

குமுதா மேடம் சொல்வது கர்னலுக்குச் சரி. அங்கே ஸ்டேபிளுக்குள் ஒரு பேட்ச் நுழைய வேண்டும் என்றால் முதலில் மெயின் மரத்தில் இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. எல்லாத் திட்டங்களும் அப்படி நடப்பதில்லையே. புதிய பதிப்பு வந்த அன்றே எடுத்தவர்கள்தான் 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 இரண்டிலும் ஒளித்துவைத்த பின்கதவில் மாட்டினார்கள். பழையதிலேயே சோம்பேறியாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டேபிள் டெபியனில் (லினக்ஸ் தொகுப்பு ஒன்று) இருந்த நான் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னொன்று. இவர் கையில் ஒரே ஒரு ஆள். உள்மதிப்பீட்டுத் தேர்வு தலைக்கு மேல். இந்த நிலையில் "எல்லாவற்றையும் மெர்ஜ் செய்" என்பது நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுகிற மாதிரி. மூன்று கமிட்டை எடுங்கள், தேர்வை முடியுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

குமுதா_கர்னல் · புதன், காலை 11:15

"அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லித்தான் இரண்டு வருடம் ஆகியிருக்கிறது சார்.

எக்ஸ்இசட் உதாரணம் இங்கே பொருந்தாது. அது நேற்று வந்ததை இன்று எடுப்பதில் இருக்கிற ஆபத்து. இவர் எடுக்கப்போவது ஊரே ஒரு வருடம் ஓட்டிப்பார்த்த வெளியீடுகள்.

பழையகமிட் · புதன், மதியம் 1:20

இரண்டு பேரும் சண்டை போடுகிற இடத்தில் ஒரு பழங்கதை சொல்கிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தை ஏற்கெனவே ஒரு ஃபோர்க் நான்கைந்து வருடம் வாழ்ந்து காட்டிவிட்டது.

2011-ல் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ, ஆடியோ நிரல் திட்டம் உடைந்தது. ஒரு பகுதியினர் லிப்ஏவி என்று பிரிந்து போனார்கள். டெபியன், உபுண்டு எல்லாம் லிப்ஏவி பக்கம் சாய்ந்தன. எஃப்எஃப்எம்பெக் முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். எஃப்எஃப்எம்பெக்கைப் பராமரித்த மிஷேல் நீடர்மயர் ஒரு முடிவு எடுத்தார். லிப்ஏவியில் வருகிற கமிட்களைக் கிட்டத்தட்ட தினமும் எஃப்எஃப்எம்பெக்குக்குள் மெர்ஜ் செய்துகொண்டே இருப்பது. எதிர்த்திசையில் அந்த அளவுக்கு எதுவும் போகவில்லை. விளைவு, ஒரு பக்கத்தில் இரண்டு பேருடைய திருத்தமும் இருந்தது, மறுபக்கத்தில் ஒருவருடையது மட்டும். 2015-ல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பிவிட்டது. மற்ற காரணங்களும் உண்டு, ஆனால் இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

நமக்கு வேண்டிய நுணுக்கம் அந்த மெர்ஜ்களைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். எஃப்எஃப்எம்பெக் வரலாற்றில் "இந்தக் கமிட் ஒரு நோ-ஆப்" என்று எழுதிய மெர்ஜ்கள் நிறைய இருக்கும். அதாவது, "உன் திருத்தத்தைப் பார்த்தேன், என்னிடம் வேறு விதமாக ஏற்கெனவே இருக்கிறது, எனவே ஒரு வரியும் எடுக்கவில்லை, ஆனாலும் மெர்ஜ் ஆனதாகப் பதிவு செய்கிறேன்". வெட்டி வேலை மாதிரி தெரியும். இல்லை. அந்தப் பதிவால் மூதாதைப் புள்ளி முன்னே நகர்கிறது. அடுத்த முறை மெர்ஜ் செய்யும்போது அந்தக் கமிட்டைப் பற்றிக் கிட் உங்களிடம் கேட்கவே கேட்காது. இதைக் கிட்டில் மெர்ஜ், ஸ்ட்ராட்டஜி அவர்ஸ் என்று கொடுத்துச் செய்யலாம்.

செர்ரி-பிக்கில் இந்த வசதி கிடையாது. நூறு செர்ரி-பிக் செய்தாலும் மூதாதை அதே 2023-லேயே நிற்கும். எதை எடுத்தோம், எதை வேண்டாம் என்றோம் என்பது உங்கள் மண்டைக்குள் மட்டும் இருக்கும், நீங்கள் வேலை மாறினால் அதுவும் போச்சு. செர்ரி-பிக்கே செய்துதான் ஆக வேண்டும் என்றால் எக்ஸ் ஆப்ஷன் போடாமல் செய்யாதீர்கள். எந்தக் கமிட்டில் இருந்து எடுத்தது என்று செய்தியிலேயே ஒரு வரி சேர்த்துவிடும். "ஃபைனல் ஃபிக்ஸ்" ஆசாமி அதை மட்டும் செய்திருந்தால் இன்று தம்பிக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆக, மொட்டைமாடி சொல்கிறபடி அவசரத்துக்கு மூன்றை எடுங்கள். குமுதா சொல்கிறபடி விடுமுறையில் மெர்ஜை ஆரம்பியுங்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது. செர்ரி-பிக் செய்தது பின்னால் மெர்ஜில் வரும்போது இரண்டு பக்கமும் ஒரே மாற்றம் என்றால் கிட் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

நூலகம்77 · புதன், மாலை 4:02

ஒரு குறுக்குக் கேள்வி. இப்படி அப்ஸ்ட்ரீமில் இருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமா? உரிமம் மாறிவிட்டால்?

பழையகமிட் · புதன், மாலை 4:40

நல்ல கேள்வி, இந்த இழைக்குத் தேவையில்லாத கேள்வியும்கூட. மூடுல் ஜிபிஎல் (மாற்றி வெளியிட்டாலும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்ற திறந்த உரிமம்), தம்பியின் ஃபோர்க்கும் ஜிபிஎல், பிரச்சினை இல்லை.

மற்ற இடங்களில் கதவு நிஜமாகவே சாத்தப்படுகிறது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு மென்பொருள் உரிமத்தை மாற்றியது. வால்கி என்ற ஃபோர்க் ரெடிஸ் 7.2.4-ல் இருந்து பிரிந்தது. அதற்குப் பிறகு புது உரிமத்தில் மட்டும் வந்த ரெடிஸ் நிரலை வால்கி காப்பி செய்ய முடியாது, அதே வழுவைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்த வேண்டும். சர்வர்களை நிரலால் அமைக்கும் டெராஃபார்மின் ஃபோர்க்கான ஓப்பன்டோஃபு கதை இன்னும் காரம். டெராஃபார்ம் உரிமம் 2023-ல் மாறியது, 2024 ஏப்ரலில் "எங்கள் புது உரிமத்தில் இருக்கும் நிரலை எடுத்துவிட்டீர்கள்" என்று வக்கீல் கடிதம் வந்தது. இவர்கள் ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது, உரிமம் மாறுவதற்கு முந்தைய பழைய நிரலில் எந்த வரி என்று பக்கத்தில் பக்கம் வைத்து எழுதிப் பதில் கொடுத்தார்கள். வரலாறு சுத்தமாக இருந்ததால் முடிந்தது. "ஃபிக்ஸ் 2" என்று இருந்தால் என்ன காட்டியிருப்பார்கள்?

ஒருவழிப் பாதையும் உண்டு. கிட்டீயா என்ற நிரல் கிடங்கு மென்பொருளின் ஃபோர்க்கான ஃபோர்ஜெஜோ 2024-ல் எம்ஐடி உரிமத்தில் இருந்து ஜிபிஎல்லுக்கு மாறியது. கிட்டீயாவில் வருவதை அவர்கள் எடுக்கலாம், கிட்டீயா இவர்களிடம் இருந்து அப்படியே எடுக்க முடியாது, எடுத்தால் தானும் ஜிபிஎல் ஆக வேண்டும்.

கல்லூரிசர்வர் · சனி, மாலை 6:15

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் தூங்கவில்லை, ஆனால் சொல்ல விஷயம் இருக்கிறது.

பழையகமிட் அண்ணா சொன்னது அட்சரம் பிசகாமல் அப்படியே. ஜிப்பை விரித்துக் கிட் இனிட். 4.1.2+ தான். வாராந்திர பில்ட் கமிட்டைக் கண்டுபிடித்து டிஃப் போட்டேன். ஒரே ஒரு கோப்புதான் கூடுதலாக இருந்தது. கான்ஃபிக்.பிஎச்பி. உள்ளே டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு. இரண்டு வருடமாக ரெப்போவில் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

ரீபேஸ் ஆன்டோ போட்டேன், 143 கமிட்டும் சத்தமில்லாமல் மேலே ஏறி உட்கார்ந்தன. அப்புறம் 4.1.3 டேகை மெர்ஜ் கொடுத்தேன் (நேராக நுனிக்குப் போகாமல் ஒவ்வொரு வெளியீடாக ஏறலாம் என்று நானே முடிவு செய்தேன், சரிதானே?). அன்றைக்கு ஆயிரக்கணக்கில் வந்த கான்ஃபிளிக்ட் இப்போது 19.

ஆனால் அந்த 19-ல் 11, ஏஎம்டி ஃபோல்டருக்குள் பில்ட் என்ற ஃபோல்டரில் இருக்கும் மின்.ஜேஎஸ் (மூலத்தில் இருந்து சுருக்கி உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட்) கோப்புகளும் அவற்றின் மேப் கோப்புகளும். ஒவ்வொன்றும் ஒரே வரி, அந்த வரி ஆயிரக்கணக்கான எழுத்து. இதை எப்படிக் கையால் சரிசெய்வது?

குமுதா_கர்னல் · சனி, மாலை 6:50

வெளியீடு வெளியீடாக ஏறுவது ரொம்பச் சரி. ஏதாவது உடைந்தால் எந்தப் படியில் உடைந்தது என்று தெரியும்.

மின்.ஜேஎஸ்ஸைக் கையால் தொடவே வேண்டாம். அது சமைத்த சாப்பாடு, இரண்டு பேர் சமைத்ததை ஒரே தட்டில் கொட்டிக் கலக்கிப் பயனில்லை, அரிசியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். எஸ்ஆர்சி ஃபோல்டரில் இருக்கும் மூலக் கோப்புகளில் கான்ஃபிளிக்டைத் தீர்த்துவிட்டு, பில்ட் ஃபோல்டருக்கு அப்ஸ்ட்ரீம் பிரதியை அப்படியே எடுத்துக்கொண்டு, கிரன்ட் என்ற கருவியை ஓட்டி மறுபடி உருவாக்குங்கள். தீமில் இருக்கும் தொகுத்த சிஎஸ்எஸ் கோப்புக்கும் இதே கதை. கிரன்ட் ஓடத் தேவையான நோட் பதிப்பு மட்டும் ரெப்போவில் சொல்லியிருப்பதாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் நீங்கள் தொடாத கோப்புகளும் மாறி வந்து நிற்கும்.

இன்னொன்று, இப்போதே கிட்டின் ரீரீரீ வசதியை இயக்கி வையுங்கள். ஒரு கான்ஃபிளிக்டை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள் என்று கிட் நினைவில் வைத்துக்கொண்டு, அதே கான்ஃபிளிக்ட் மறுபடி வந்தால் தானே போட்டுவிடும். மெர்ஜைக் கலைத்துவிட்டு மறுபடி செய்து பார்க்கிற ஆளுக்கு (அதாவது உங்களுக்கு, இன்னும் பல தடவை) வரப்பிரசாதம்.

டீக்கடை · சனி, இரவு 7:01

ரீரீரீ என்று ஒரு கட்டளை நிஜமாகவே இருக்கிறதா, இல்லை மேடத்துக்கு விக்கலா?

மதிப்பெண்பட்டியல் · சனி, இரவு 9:33

இழையை இப்போதுதான் பார்க்கிறேன். நான் மூடுலில் ஏழெட்டு வருடமாக இருக்கிறேன். @கல்லூரிசர்வர், மேற்கொண்டு மெர்ஜ் செய்வதற்கு முன் ஒரே ஒரு விஷயம். உங்கள் ஃபோர்க்கின் வெர்ஷன்.பிஎச்பியில் வெர்ஷன் எண் என்னவென்று போட்டிருக்கிறது? ரிலீஸ் இல்லை, மேலே இருக்கும் நீண்ட எண்.

கல்லூரிசர்வர் · சனி, இரவு 9:41

2023061500.00. அதுவும் கான்ஃபிளிக்ட் வந்தது, எங்களுடைய எண் பெரியது என்பதால் எங்களுடையதையே வைத்துக்கொண்டேன். தப்பா?

மதிப்பெண்பட்டியல் · சனி, இரவு 10:20

அதுதான் பயந்தேன்.

4.1-ன் எண் 2022112800-ல் ஆரம்பிக்கும். 4.1.2 என்றால் 2022112802, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம். முதல் எட்டு இலக்கம் 4.1 வெளிவந்த தேதி, அந்தக் கிளை உயிரோடு இருக்கும்வரை அது மாறாது. உங்கள் ஆசாமி 2023 ஜூனில் யூசர் அட்டவணையில் பதிவெண்ணுக்கு ஒரு பத்தி சேர்த்திருப்பார். அப்கிரேட் ஓட வேண்டும் என்றால் எண்ணை உயர்த்த வேண்டும், அன்றைய தேதியைப் போட்டுவிட்டார்.

மூடுலின் அப்கிரேட் கோப்பு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். "பழைய எண் இதைவிடச் சின்னதாக இருந்தால் இந்த மாற்றத்தைச் செய்" என்று வரிசையாக இஃப்கள். அப்ஸ்ட்ரீம் 4.1.5-ல் ஒரு படி சேர்த்தால் அதன் எண் 2022112805-க்குப் பக்கத்தில் இருக்கும். உங்கள் டேட்டாபேஸ் "நான் 2023061500" என்கிறது. சின்னதா? இல்லை. தாண்டு. அடுத்தது? தாண்டு. பிழைச் செய்தி வராது, லாகில் எதுவும் இருக்காது. நிரல் புதுசு, டேட்டாபேஸ் பழசு. ஸ்டேபிள் கிளையில் இப்படிப்பட்ட படிகள் குறைவுதான், ஆனால் கெட்டுப்போன தரவைச் சரிசெய்கிற திருத்தங்கள் இந்த வழியில்தான் வரும்.

இப்போது எண்ணைக் குறைத்தால் டவுன்கிரேட் முடியாது என்று மூடுல் நின்றுவிடும். நான் இதே மாதிரி ஒரு ஃபோர்க்கில் செய்தது இது. பிரதி எடுத்த டேட்டாபேஸில் மட்டும் முயன்று பாருங்கள். கோர் அட்டவணையில் சேர்த்த பத்தியில் இருக்கும் தரவை உங்களுக்கென்று ஒரு லோக்கல் பிளகின் (கோரைத் தொடாத தனி இணைப்பு நிரல்) உருவாக்கி அதன் அட்டவணைக்கு நகர்த்துங்கள். பிளகினுக்குத் தனி எண், கோரோடு எந்தத் தகராறும் இல்லை. அப்புறம் நிரலில் வெர்ஷனை அப்ஸ்ட்ரீம் எண்ணுக்கே விட்டுவிட்டு, கான்ஃபிக் அட்டவணையில் வெர்ஷன் என்ற வரிசையை உங்கள் மூதாதைக் கமிட்டின் எண்ணுக்கு மாற்றுங்கள். கேஷைத் துடையுங்கள். சிஎல்ஐ (கட்டளை வரி) அப்கிரேடை ஓட்டுங்கள். விட்டுப்போன படிகள் எல்லாம் வரிசையாக ஓடும். முடிந்ததும் செக் டேட்டாபேஸ் ஸ்கீமா என்று ஒரு சிஎல்ஐ ஸ்கிரிப்ட் அட்மின் ஃபோல்டரிலேயே இருக்கிறது, அது எதிர்பார்க்கும் அமைப்புக்கும் உங்களிடம் இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பட்டியல் போடும்.

அந்தப் பட்டியல் காலியாக வரும்வரை தேர்வுப் பிரிவு எத்தனை தடவை போன் செய்தாலும் எடுக்காதீர்கள்.

மொட்டைமாடி · சனி, இரவு 10:44

நான் சொன்ன மாதிரி மூன்று கமிட்டை மட்டும் எடுத்திருந்தால் இது வெளியே வந்தே இருக்காது. ஒப்புக்கொள்கிறேன். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று காலையில் சொல்கிறேன்.

பழையகமிட் · ஞாயிறு, காலை 8:12

ஒன்று விட்டுப்போனது. வினாடி வினாத் திருத்தம் வந்ததும் "சரியாகிவிட்டது" என்று நம்பிவிடாதீர்கள். திருத்தத்தோடு டெஸ்டும் (அதைச் சோதிக்கும் நிரலும்) வந்திருந்தால் முதலில் டெஸ்டை மட்டும் எடுத்து உங்கள் பழைய நிரலில் ஓட்டுங்கள். அது தோற்க வேண்டும். தோற்காவிட்டால் உங்கள் வழு அது இல்லை. அப்புறம் திருத்தத்தை எடுத்து ஓட்டுங்கள், ஜெயிக்க வேண்டும். 2012 வாக்கில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பக்கம் வழுத் திருத்தங்களுக்கான டெஸ்ட்கள் வெளியே வராமல் நின்றபோது அதன் ஃபோர்க்கான மரியாடிபிகாரர்கள் கூச்சல் போட்டார்களே, ஏன் என்று இதைச் செய்து பார்த்தால்தான் புரியும். டெஸ்ட் இல்லாத திருத்தத்தை மெர்ஜ் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி கோர்ப்பது.

கல்லூரிசர்வர் · வியாழன், இரவு 10:05

பிரதியில் எல்லாவற்றையும் செய்து முடித்தேன். ஸ்கீமா பட்டியலில் முதல் ஓட்டத்தில் 6 வரி, பதிவெண் பத்தியும் அவர் சேர்த்த இரண்டு இண்டெக்ஸும் உள்பட. இப்போது காலி.

பழையகமிட் அண்ணா சொன்னபடி டெஸ்டை மட்டும் எடுத்து ஓட்டினேன். பழைய நிரலிலேயே ஜெயித்துவிட்டது! அரை நாள் குழம்பினேன். அப்புறம் கண்டுபிடித்தேன். நேரம் முடிந்த முயற்சிகளை முடித்துவைக்கும் க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலை எங்கள் ஃபோர்க்கில் கோர் நிரலையே கூப்பிடவில்லை. எங்கள் ஆசாமி அந்த கிளாஸை முழுதாகக் காப்பி செய்து, பெயருக்கு முன்னால் கல்லூரியின் முதலெழுத்துகளைச் சேர்த்து, வேறு கோப்பில் வைத்து, உள்ளே ஐந்து வரி மாற்றியிருக்கிறார். அப்ஸ்ட்ரீம் திருத்தம் வந்து மூல கிளாஸில் உட்கார்ந்தது. கான்ஃபிளிக்டே இல்லை, ஏனென்றால் மூலத்தை யாரும் தொடவில்லை. ஓடுவதோ நகல். மெர்ஜ் சுத்தம், டெஸ்ட் சுத்தம், மாணவன் விடைத்தாள் மட்டும் அப்படியே நிற்கும்.

நகலைத் தூக்கிவிட்டு, அந்த ஐந்து வரியை மட்டும் மூல கிளாஸில் இருந்து நீட்டித்த ஒரு சின்ன கிளாஸாக எழுதினேன். நேற்று ஒரு மாதிரித் தேர்வு வைத்துப் பார்த்தோம், 40 பேர், நேரம் முடிந்ததும் எல்லாம் தானாகச் சமர்ப்பிப்பு ஆனது.

இதே மாதிரி இன்னும் எத்தனை நகல் இருக்கிறது என்று தேடினேன். அந்த முதலெழுத்துகளோடு 14 ஃபங்ஷன். ஒவ்வொன்றாக மூலத்தோடு டிஃப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கில் அவர் ஒரு வரிகூட மாற்றவில்லை, எதற்குக் காப்பி செய்தார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

குமுதா_கர்னல் · வியாழன், இரவு 10:31

143 கமிட் இப்போது எவ்வளவு ஆகியிருக்கிறது?

கல்லூரிசர்வர் · வியாழன், இரவு 10:38

பிளகினுக்குப் போனது போக, கோரைத் தொடுவது 22 அக்கா. 4.1-க்குப் பாதுகாப்புத் திருத்தமே 2025 டிசம்பர் வரைதான் என்பதால் 4.5-க்குப் போக வேண்டும், அதற்குள் 10-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் தைரியமாகப் போவேன். பிஎச்பி 8.1 வேறு வேண்டும், சர்வர்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

டீக்கடை · வியாழன், இரவு 11:02

எல்லாம் சரி. அந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியாயிற்றா?

கல்லூரிசர்வர் · வியாழன், இரவு 11:29

இப்போதுதான் மாற்றிவிட்டு வருகிறேன்.